பிக்கப் பாடிக்கு மூடியும் வேண்டும், டூல்ஸ் பெட்டியும் வேண்டும்: இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் உண்டா?

போர்மோட்டார்_பொள்ளாச்சி | மே 14, இரவு 9.40

வணக்கம். எனக்கு சப்மர்சிபிள் மோட்டார் ஏற்றி இறக்கும் தொழில். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில்தான் பாதி நாள் போகும். வண்டி பொலிரோ பிக்கப், ஏழு வருஷம் ஓடியது. பாடியை டேப் வைத்து அளந்தேன்: ஏறக்குறைய 9 அடி நீளம், ஐந்தரை அடி அகலம், பக்கத் தகடு 16 அங்குலம்.

இப்போது இருக்கும் ஏற்பாடு ரொம்ப எளிமை. கேபினுக்குப் பின்னால் இரண்டு மரப்பெட்டி, மேலே தார்ப்பாய், சுற்றிக் கயிறு. ஒரு ஸ்பேனர் எடுக்க நாலு முடிச்சு அவிழ்க்கணும், மழை என்றால் அவிழ்த்த கையோடு உள்ளே தண்ணீர். போன மாதம் ஒரு டீக்கடை வாசலில் பத்து நிமிஷம் நிறுத்தினேன். திரும்பி வந்தால் 36 அங்குல பைப் ரெஞ்ச் காணோம். தார்ப்பாயைத் தூக்கிக் கையை விட்டு எடுத்திருக்கிறார்கள். அதற்கு முந்தின வாரம்தான் மெக்கர் (கேபிள் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) நனைந்து முள் அசையாமல் நின்றது.

பட்டறையில் கேட்டேன். “பாடி முழுக்க ஷீட் போட்டு ஒரே மூடியா அடிச்சுடலாம், பூட்டிக்கலாம்” என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏனென்றால்:

மோட்டார், பம்ப் செட் பின்னாலிருந்து ஏறும், இறங்கும். 5 எச்.பி, ஏழரை எச்.பி செட்டை இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் உள்ளே தள்ளுவோம். காலம் பைப் (போர்வெல்லுக்குள் மோட்டாரைத் தாங்கித் தொங்கும் குழாய்) ஒவ்வொன்றும் 10 அடி. அது பாடிக்குள் அடங்காது, கேபின் மேல் கேரியரில்தான் போகும். ஆழமான போர்வெல் என்றால் கிரேன் வண்டிக்குச் சொல்லிவிடுவேன். நான் செய்வதெல்லாம் 300, 400 அடி. அதனால் முக்காலிக் கம்பம், செயின் பிளாக் (சங்கிலி இழுத்துக் கனம் தூக்கும் கப்பி), கிளாம்ப் எல்லாம் வண்டியிலேயே இருக்கணும்.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வெல்டர்73 | மே 14, இரவு 10.15

நான் நாமக்கல். லாரி பாடி வேலையில் இருபது வருஷம் இருந்துவிட்டு இப்போது சொந்தப் பட்டறை. உங்கள் மனசு ஒப்பாதது சரிதான்.

16 கேஜ் ஷீட் (1.6 மில்லிமீட்டர் கனம்), எட்டடிக்கு நாலடி, ஒன்று 37 கிலோ வரும். உங்கள் பாடியை மூட ஒன்றரை ஷீட்டுக்கு மேல் வேண்டும். தகடு மட்டுமே 58 கிலோ. அது தொய்யாமல் இருக்க அடியில் ஸ்கொயர் டியூப் ஃபிரேம், கீல், பூட்டு எல்லாம் சேர்த்தால் 80. பின்னாலிருந்து 80 கிலோ மூடியைத் தூக்கித் தாங்கிக்கொண்டே மோட்டாரை யார் இறக்குவது? அதைவிட மெல்லிசான 18 கேஜ் போட்டால் தகடு 44 கிலோவுக்கு இறங்கும். ஆனால் நடுவில் தண்ணீர் தேங்கிக் குழி விழும்.

ஒரே மூடி வேண்டாம். இதில் நான் அசைய மாட்டேன்.

ஹூஸ்டன்காரன் | மே 15, காலை 6.05

நான் டெக்சஸில் இருக்கிறேன். தொழில் வேறு, ஆனால் வார இறுதியில் தச்சு வேலைதான். எஃப்-150 வைத்திருக்கிறேன், ஐந்தரை அடி பாடி. இங்கே இந்தக் கேள்வி ரொம்பப் பழையது. பிக்கப் வைத்திருக்கும் கொத்தனார், எலக்ட்ரீஷியன், பண்ணைக்காரர் என்று எல்லாருக்கும் உள்ள தலைவலி. மூன்று வழி பார்த்திருக்கிறேன்.

ஒன்று, கேபினை ஒட்டிக் குறுக்கே ஒரு பெட்டி. டைமண்ட் பிளேட் அலுமினியத்தில் பளபளவென்று இருக்கும், இரண்டு பக்கத் தகட்டின் மேலும் உட்காரும். மீதி இடத்துக்குக் குட்டையான டானோ கவர் (பாடியை மேலே மட்டமாக மூடுவது). பெட்டியோடு சேர்ந்து உட்கார்வதற்கென்றே நீளம் குறைத்துச் செய்து விற்கிறார்கள்.

இரண்டாவது, பக்கத் தகட்டு மட்டத்துக்கு மேல் வராத தாழ்வான பெட்டி. முழு நீளக் கவர் அதற்கு மேலே ஓடிவிடும். பெட்டிக்குத் தனிப் பூட்டே வேண்டியதில்லை, கவரைப் பூட்டினால் போதும். ஆனால் டூல் எடுக்க ஒவ்வொரு தடவையும் கவரைத் திறக்கணும். அதிலும் கடைக்கதவு ஷட்டர் மாதிரி உருண்டு உள்ளே போகும் கவர் என்றால், அது சுருளும் டப்பாவே கேபினை ஒட்டி ஒரு அடி இடம் பிடிக்கும். பெட்டி வைக்கிற இடமும் அதுதான். வாங்கிய பிறகு இரண்டும் முட்டிக்கொள்வதைப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு.

மூன்றாவது, என் வண்டியில் இருப்பது. தரைக்கு மேல் ஒரு பொய்த்தளம், அடியில் இரண்டு நீள டிராயர். டெக்டு என்ற கம்பெனி செய்கிறது. தளத்தின் மேல் 2,000 பவுண்டு பரவலாக ஏற்றலாம், டிராயருக்குத் தலா 200 பவுண்டு. மேலே எந்தக் கவர் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். உங்களுக்கு நான் மூன்றாவதைத்தான் சொல்வேன்.

போர்மோட்டார்_பொள்ளாச்சி | மே 15, மதியம் 1.20

நன்றி சார். டிராயரைப் படத்தில் பார்த்து ஆசை வந்துவிட்டது. ஆனால் பொய்த்தளம் எவ்வளவு உயரம்?

ஹூஸ்டன்காரன் | மே 15, இரவு 7.30

ஏறக்குறைய ஒரு அடி.

போர்மோட்டார்_பொள்ளாச்சி | மே 15, இரவு 9.10

அப்படியென்றால் எனக்கு ஆகாது. என் பாடித் தரையே இடுப்பு உயரம். இன்னும் ஒரு அடி ஏறினால் ஏழரை எச்.பி செட்டை நெஞ்சு வரை தூக்கணும். கூட இருக்கும் பையன் அடுத்த நாளே வேலைக்கு வரமாட்டான். உங்களுக்கு மேலே போவது பலகையும் மரப்பொடியும். எனக்கு இரும்பு.

அதோடு, 16 அங்குலத் தகட்டில் 12 போய்விட்டால் மீதி நாலு. மோட்டார் உருண்டு வெளியே விழும்.

யாழ்_பட்டா | மே 16, காலை 8.45

நான் யாழ்ப்பாணம், வயரிங் கொன்ட்ராக்ட். எங்கட பக்கம் சின்ன லொறியைப் பட்டா எண்டுதான் சொல்லுறது. டிமோ பட்டா. உங்கட ஊரில் குட்டி யானை எண்டு சொல்லுறது அதுதான் எண்டு நினைக்கிறன்.

எனக்கு டிராயர் நல்லா வேலை செய்யுது, ஏனெண்டால் நான் ஏத்துறது வயர் ரோல், கொண்டியூட் குழாய், டிரில் மெசின். பாரம் குறைவு. கடையில டெலஸ்கோப்பிக் சேனல் வாங்கப் போக வேண்டாம். குசினிக்குப் போடுற சேனல் 45 கிலோவுக்கு மேல தாங்காது. அதுவும் ரோட்டுக் குழியில குலுங்கினால் பந்துகள் கொட்டுண்டு போகும், எனக்குப் போனது. பிறகு ஒரு லேத்துக்காரர் சொல்லித் தந்தவர்: 6202 பேரிங், வெளி விட்டம் 35 மில்லிமீட்டர். தகட்டை வளைச்சு உள் அளவு 36 வர சேனல் செய்து, அதுக்குள்ள பேரிங்கை ஓட விட வேணும். டிராயரின் பின் முனையில ரெண்டு பேரிங்கைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டால் முழுக்க இழுத்தாலும் தலை குத்தாது. மூண்டு வருசம், ஒரு சத்தமும் இல்லை.

அண்ணைக்கு டிராயர் சரிவராது எண்டது எனக்கும் விளங்குது. வேற ஆருக்கும் உதவும் எண்டு எழுதினன்.

மின்கம்பி | மே 16, காலை 10.02

பேசாமல் ஒரு ஈக்கோ வேன் வாங்குங்கள். மூடியும் வேண்டாம், தார்ப்பாயும் வேண்டாம்.

போர்மோட்டார்_பொள்ளாச்சி | மே 16, காலை 10.30

சேற்றோடு கிணற்றுக்குள்ளிருந்து வந்த மோட்டாரையும் முக்காலிக் கம்பத்தையும் ஈக்கோவுக்குள் ஏற்றிக் காட்டுங்கள், நாளைக்கே வாங்குகிறேன்.

அளவுகோல் | மே 16, மாலை 5.50

பட்டறைக்காரர் சொன்ன ஒரே மூடியைக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். வெல்டர் அண்ணன் சொன்ன 80 கிலோ, கேபின் பக்கம் கீல். எடையின் மையம் கீலிலிருந்து நாலரை அடி, அதாவது 1.37 மீட்டர். கேஸ் ஸ்பிரிங் (மூடியைத் தூக்கிக் கொடுக்கும் வாயுத் தண்டு) தள்ளும் விசை கீலிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி விழுகிறது என்று வைத்தால், இரண்டு பக்கமும் தலா 1,800 நியூட்டன் வேண்டும். ஒவ்வொன்றும் 180 கிலோவைத் தள்ளுகிற மாதிரி. அந்த விசையைத் தாங்க, பிடிக்கும் இடத்தில் பக்கத் தகட்டுக்கே முட்டுக் கொடுக்கணும். இன்னொன்று, உள்ளே இருப்பது வாயு. பத்து டிகிரி வெப்பம் ஏறினால் விசை மூன்று சதவீதத்துக்கு மேல் கூடும். காலையில் மெதுவாகத் திறக்கிற மூடி மதிய வெயிலில் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும்.

எடையையும் மறக்காதீர்கள். பெட்டி, மூடி, உள்ளே நிரந்தரமாக இருக்கும் டூல்ஸ் எல்லாமே வண்டியில் ஏற்றக்கூடிய எடையில் கழியும். 150 கிலோவுக்குப் பெட்டியும் டூலும் என்றால், அந்த 150 கிலோ சரக்கை நீங்கள் இனி ஏற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக எடைக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, அதற்கு மேல் டன்னுக்கு 2,000. பக்கவாட்டிலோ பின்னாலோ பொருள் துருத்திக்கொண்டு போனாலும் 20,000 தான். பைப் கட்டும்போது பாருங்கள்.

அப்புறம் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. ஆர்சியில் இருக்கும் விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. வெல்டிங் வைத்துப் பாடியோடு ஒன்றாக்கினால் பாடியையே மாற்றியதாகப் பேச்சு வரும். போல்ட் போட்டு, அரை மணியில் கழற்றுகிற மாதிரி வையுங்கள். உங்கள் வண்டிக்கு ஏழு வருஷம் என்கிறீர்கள். எட்டு தாண்டினால் வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று). செய்வதற்கு முன்னால் ஆய்வாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஹூஸ்டன்காரன் | மே 17, காலை 6.20

அப்படியானால் என் முதல் வழி. குறுக்குப் பெட்டி, மீதிக்கு மூடி. அலுமினியத்தில் செய்யுங்கள். இரண்டு மில்லிமீட்டர் அலுமினிய ஷீட் எட்டுக்கு நாலு 16 கிலோதான். பாதி எடைகூட இல்லை.

வெல்டர்73 | மே 17, காலை 9.00

எடை சரி. ஆனால் தோப்பு ரோட்டில் குலுங்கிக் குலுங்கி அலுமினிய வெல்டிங் விரிசல் விட்டால் எங்கே ஒட்டுவார்? ஆர்கன் வெல்டிங் பொள்ளாச்சி டவுனுக்குள் உண்டு. ஆனைமலைக்கு அந்தப் பக்கம் வேலையில் இருக்கும்போது? இரும்பு என்றால் எந்த ஊர் மூலையிலும் ஒரு ராடு வைத்து ஒட்டிவிடுவான். அதோடு அலுமினியத்தை இரும்புப் பாடி மேல் நேரே வைத்து முடுக்கினால், மழைத் தண்ணீர் பட்டுப் பட்டு அலுமினியம் மாவு மாதிரி உதிரும். நடுவில் ரப்பர் ஷீட், போல்டுக்கு நைலான் வாஷர் கட்டாயம்.

ஹூஸ்டன்காரன் | மே 17, இரவு 8.10

ரப்பர் இங்கேயும் வைக்கிறோம். சரி, இரும்பே இருக்கட்டும், சண்டை வேண்டாம். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குறுக்குப் பெட்டியும் கவரும் சேரும் இடம் இருக்கிறதே, அங்கேதான் எல்லாருக்கும் ஒழுகும். என் மைத்துனன் வண்டியில் ரப்பர் பீடிங் இரண்டு வரிசை, சிலிக்கான் வேறு. ஒவ்வொரு பெருமழைக்கும் பெட்டியின் பின்சுவர் வழியாக இறங்கி வரும். ரப்பர் வெயிலில் இறுகி, வண்டி முறுக்கிக்கொள்ளும்போது விலகிவிடுகிறது.

பழைய_கிளீனர் | மே 17, இரவு 9.55

தம்பிகளா, இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் சங்ககிரி. கிளீனராக ஏறி, டிரைவராக இறங்கினவன். லாரிக்கு இரண்டு தார்ப்பாய் போடும்போது எதை முதலில் விரிப்போம் தெரியுமா? பின்னால் இருப்பதை. அப்புறம் முன்னால் இருப்பதை விரித்து, அதன் விளிம்பைப் பின் தார்ப்பாய் மேல் ஒரு முழம் ஏற்றிவிடுவோம். மாற்றிப் போட்டால் ஓடுகிற காற்று விளிம்பைத் தூக்கி, மழையை உள்ளே ஊதிவிடும். புதிதாய் வந்த கிளீனர் இதில் தப்புப் பண்ணினால் மண்டையில் ஒரு கொட்டு விழும்.

ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி நிற்கும். இரண்டையும் முட்டுக்கு முட்டு வைத்து நடுவில் சாந்து பூசினால் அது வீடா? நீங்கள் ரப்பர், சிலிக்கான் என்று பேசுவதெல்லாம் அந்தச் சாந்துதான். பெட்டி மூடி முன்னால் இருக்கிறது. அதுதான் மேல் ஓடு. அதன் பின் விளிம்பை நாலு அங்குலம் நீட்டி, வளைத்துக் கீழே இறக்கிவிடுங்கள். தார்ப்பாய் அதற்கு அடியில் போகட்டும். தண்ணீர் எங்கே போகும்?

வெல்டர்73 | மே 17, இரவு 10.20

ஐயா, கும்பிட்டுக்கொள்கிறேன். இருபது வருஷம் பாடி கட்டியவன் நான், இது என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது.

இதற்குக் கீழே இன்னொரு காவல் போடலாம். பெட்டியின் பின்சுவரில், மூடி விளிம்புக்கு அடியில், ஒன்றரை அங்குல யு சேனலைக் குறுக்கே போல்ட் போட்டு வையுங்கள். மூடியைத் தாண்டி வருகிற தண்ணீர் அதில் விழுந்து இரண்டு பக்கமும் வெளியே ஓடிவிடும். நடுவில் அரை அங்குலம் உயர்த்திக் கட்டுங்கள், தேங்காது. தார்ப்பாயின் முன் விளிம்பை அந்த சேனலுக்கு மேல் பட்டை வைத்துப் பிடித்துவிடலாம். அப்போது தார்ப்பாயை அவிழ்ப்பதே பின்பக்கம்தான், முன்பக்கம் நிரந்தரம்.

தார்ப்பாய்க்கு அடியில் மூன்று வளைவு, ஒரு அங்குல ஜி.ஐ பைப்பில். நடு உயர்ந்து இருக்கணும், பெட்டி மூடியை விட ஒரு அங்குலம் தாழ்ந்து இருக்கணும். மறக்காதீர்கள்.

போர்மோட்டார்_பொள்ளாச்சி | மே 18, காலை 7.15

கிளீனர் ஐயாவுக்கு நன்றி. ராத்திரி தூங்காமல் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். ஒரு சிக்கல். பெட்டிக்கு நேர் மேலே பைப் போகிறது. கேபின் கேரியரிலிருந்து பின்னால் 10 அடி நீட்டம். பெட்டி மூடியைத் தூக்கினால் பைப்பில் முட்டும்.

அளவுகோல் | மே 18, காலை 8.40

பைப் எவ்வளவு அகலத்துக்குப் படுக்கும்?

போர்மோட்டார்_பொள்ளாச்சி | மே 18, காலை 8.52

ஒன்றரை அடிக்குள் அடுக்கிக் கட்டிவிடலாம்.

அளவுகோல் | மே 18, காலை 9.30

அப்படியானால் மூடியை இரண்டாக்குங்கள். உங்கள் அகலம் ஐந்தரை அடி. நடுவில் ஒன்றரை அடி அசையாத தகடு, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி மூடி. கீல் நடுத்தகட்டின் ஓரத்தில். டிரைவர் பக்கம் நின்றால் வலது மூடி, கிளீனர் பக்கம் நின்றால் இடது மூடி. இரண்டும் நிமிர்ந்து நிற்கும்போது பைப் நடுவில் நிம்மதியாகப் படுத்திருக்கும். பெட்டி முன்பின் இரண்டரை அடி என்றால் ஒரு மூடித் தகடு 16 கேஜிலேயே ஆறு கிலோ, ஃபிரேமோடு ஒன்பது. கேஸ் ஸ்பிரிங்கே வேண்டாம், ஒரு சங்கிலி போதும்.

கீல் வழியாக ஒழுகும். அதற்கும் கிளீனர் ஐயா சொன்னதுதான்: நடுத்தகட்டின் விளிம்பில் மூன்று அங்குல ரப்பர் பட்டையை ரிவிட் அடித்து, கீலின் மேல் படுக்கிற மாதிரித் தொங்கவிடுங்கள்.

யாழ்_பட்டா | மே 18, மாலை 4.15

நல்ல யோசனை. பின் டோரையும் பார்க்க வேணும். ஓடேக்க வண்டிக்குப் பின்னால காத்து உள்ளுக்கு இழுபடும், புழுதி எல்லாம் பின் டோர் இடைவெளியால வரும். நான் முதல் மழைக்குப் பயந்து மேல்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன், கடைசியில டூல்ஸ் எல்லாம் செம்மண். கதவுக்குப் போடுற D வடிவ ரப்பர் ஒட்டின பிறகு சரி.

போர்மோட்டார்_பொள்ளாச்சி | மே 19, காலை 6.50

சரி. செயின் பிளாக், கிளாம்ப், ஜாக்கி எல்லாம் கனம். அதையும் மேல் பெட்டியிலேயே போடட்டுமா?

பழைய_கிளீனர் | மே 19, காலை 7.40

லாரியில் டூல்ஸ் பெட்டி எங்கே தொங்குகிறது? பாடிக்கு அடியில். கனமானது கீழே போனால் வண்டி ஆடாது, எடுக்கவும் குனிந்தால் போதும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், சைலன்ஸர் போகாத பக்கம் பார்த்துத் தொங்கவிடுங்கள். அடியில் இரண்டு ஓட்டை போடுங்கள், சேறு கழுவினால் தண்ணீர் வடியணும். டீசல் டேங்கை ஒட்டி வெல்டிங் வைக்காதீர்கள், பிராக்கெட்டைக் கழற்றி வெளியே வைத்து ஒட்டி மாட்டுங்கள்.

மின்கம்பி | மே 19, காலை 11.25

நான் ஏசி, ஃபிரிட்ஜ் வேலை. இதே மாதிரிப் பெட்டி எனக்கும் செய்யலாம் என்று ஆசை வந்துவிட்டது (ஈக்கோ பேச்சை வாபஸ் வாங்குகிறேன்). செம்புக் குழாய் ஒட்டும் பிரேசிங் செட், சின்ன ஆக்சிஜன், அசிட்டிலின் சிலிண்டர் இரண்டையும் இந்தப் பெட்டிக்குள் பூட்டி வைக்கலாமா?

வெல்டர்73 | மே 19, காலை 11.31

கூடாது. கூடவே கூடாது.

அசிட்டிலின் காற்றில் இரண்டரை சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும், எண்பது சதவீதம் இருந்தாலும் பிடிக்கும். இந்த அகலம் எல்.பி.ஜிக்கு இல்லை. வால்வு ராத்திரி முழுக்கத் துளியாய்க் கசிந்தால் போதும், காலையில் பூட்டிய பெட்டி ஒரு குண்டு. உள்ளே எல்.இ.டி விளக்கு, சார்ஜர் என்று வைத்திருப்பீர்கள், ஸ்விட்ச் தட்டுகிற பொறி போதும். வேனோடு சேர்ந்து ஆள் போன கதைகள் உலகம் முழுக்க உண்டு.

சிலிண்டர் திறந்த பாடியில், நிமிர்த்தி, சங்கிலி போட்டு, வால்வு மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி. படுக்க வைக்காதீர்கள், அசிட்டிலின் சிலிண்டருக்குள் அசிட்டோன் இருக்கிறது, படுத்தால் அது வெளியே வரும். தார்ப்பாய்க்குள்ளும் இறுக்கி மூட வேண்டாம். இதில் இடம் மிச்சம், மழை, திருட்டு என்று எந்தக் காரணமும் சொல்லாதீர்கள்.

மின்கம்பி | மே 19, காலை 11.40

சரிங்க அண்ணா. இதுவரை ஆம்னியில் படுக்க வைத்துத்தான் கொண்டு போனேன். இன்றைக்கே மாற்றுகிறேன்.

போர்மோட்டார்_பொள்ளாச்சி | ஜூன் 22, இரவு 9.05

வேலை முடிந்தது. பட்டறைக்காரர் முதலில் முறைத்தார், “மூடியை எதுக்கு நீட்டணும், அழகா இருக்காது” என்று. கிளீனர் ஐயா எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஓட்டு வீட்டுக்காரர் போல, உடனே புரிந்துகொண்டார்.

கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவில் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டிருக்கிறேன், பள்ளத்தில் பாடி முறுக்கும்போது இடிக்காது. எட்டு போல்ட், அடியில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டு. பெட்டிக்குள்ளும் அதே பெல்ட்டை விரித்துவிட்டேன், ஸ்பேனர் சத்தமே இல்லை. வலது பக்கம் மீட்டர், கேபிள் ஜாயின்ட் சாமான். இடது பக்கம் ஸ்பேனர், ரெஞ்ச். செயின் பிளாக் கீழே தொங்கும் பெட்டியில்.

இரண்டு மழை பார்த்துவிட்டது. சேரும் இடத்தில் ஒரு சொட்டு இல்லை. பையனை உள்ளே உட்கார வைத்து, வெளியே மோட்டார் போட்டு ஹோஸில் அடித்தும் பார்த்தேன். நனைந்தது நான்தான்.

ஹூஸ்டன்காரன் | ஜூன் 23, காலை 6.30

படம் போடுங்கள். மைத்துனனுக்குக் காட்டணும்.

போர்மோட்டார்_பொள்ளாச்சி | ஆகஸ்ட் 9, காலை 7.00

ஒரு சந்தேகம். ஒழுகல் இல்லை, ஆனால் காலையில் திறந்தால் மூடியின் உள்பக்கம் வியர்த்திருக்கிறது. ஸ்பேனரில் லேசாகச் செந்துரு.

அளவுகோல் | ஆகஸ்ட் 9, காலை 8.15

ஈரக் கேபிளையும் கயிற்றையும் உள்ளே போட்டுப் பூட்டுகிறீர்களா? அந்த ஈரம் ராத்திரி தகடு குளிரும்போது மூடியில் படிகிறது. நனைந்ததைத் தார்ப்பாய் பக்கம் போடுங்கள். கேபின் பக்கச் சுவரில், மேல் விளிம்புக்குக் கீழே, கீழ்நோக்கி மடித்த காற்றுத் துளை இரண்டு வெட்டுங்கள்.

பழைய_கிளீனர் | ஆகஸ்ட் 9, காலை 9.00

ஸ்பேனர் தட்டில் நாலு சூடம் துணியில் முடிந்து போடு தம்பி. பழைய ஃபிட்டர்கள் எல்லாம் அப்படித்தான் வைப்பார்கள். கரைந்து போனால் மாற்று. பீடி பற்ற வைக்கும்போது மட்டும் தள்ளி நில்.

போர்மோட்டார்_பொள்ளாச்சி | நவம்பர் 3, இரவு 8.30

காற்றுத்துளையும் சூடமும் வேலை செய்கிறது. துரு நின்றுவிட்டது, பெட்டியைத் திறந்தால் கோயில் வாசம். ஆனால் இந்த வாரத்து மழையில் இடது பக்கம் மட்டும் ஒழுகுகிறது. வலது பக்கம் காய்ந்து கிடக்கிறது. ரப்பர் நன்றாக இருக்கிறது, சேனலிலும் இலை அடைக்கவில்லை.

வெல்டர்73 | நவம்பர் 3, இரவு 8.50

இடது மூடி மேல் ஒரு நேரான ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

போர்மோட்டார்_பொள்ளாச்சி | நவம்பர் 4, காலை 6.40

நடுவில் கால் அங்குலம் குழி. தோசைக்கல் மாதிரி.

வெல்டர்73 | நவம்பர் 4, காலை 6.45

பைப் கட்டும்போது யார் அதன் மேல் ஏறி நிற்கிறார்கள்?

போர்மோட்டார்_பொள்ளாச்சி | நவம்பர் 4, காலை 6.52

பையனைக் கேட்டேன். “நான் இல்லண்ணா” என்றான். மூடியில் ஒன்பதாம் நம்பர் செருப்புத் தடம் இருக்கிறது. என் கால் ஏழு.

வெல்டர்73 | நவம்பர் 4, காலை 6.58

அடியில் குறுக்கே ஒரு ஸ்கொயர் டியூப் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். ஏறி நிற்க கேபின் பின்னால் ஒரு படியும் வைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் வலது மூடியும் போகும்.